அதிக வாக்கு வாங்கியவர் தோற்பது எப்படி? எலக்டோரல் காலேஜ் கணக்கில் இடைவெளி எங்கே விழுகிறது?

நிலவன்_கே:

அமெரிக்க அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலங்கள் நியமிக்கும் 538 தேர்வாளர்கள் (இவர்களைச் சேர்த்துத்தான் எலக்டோரல் காலேஜ் என்கிறார்கள்), 270 பேரின் வாக்கு கிடைத்தால் வெற்றி என்பது வரை தெரியும். அதற்குமேல் போனால் குழப்பம்தான்.

2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். 2000இல் அல் கோருக்கும் இதே நிலை. 2020இல் பைடன் 70 லட்சம் வாக்கு முன்னிலையில் இருந்தும் மயிரிழையில்தான் ஜெயித்தார் என்று எழுதுகிறார்கள். 2024இல் டிரம்ப் மக்கள் வாக்கு, எலக்டோரல் காலேஜ் இரண்டிலும் முந்தினார்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இவை. இந்த இடைவெளிக்குச் சின்ன மாநிலங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் எடைதான் காரணமா? மக்கள் வாக்கில் எத்தனை சதவீதம் முந்தினால் வெற்றி உறுதி என்று கணக்குப் போட வழி உண்டா? நாடு தழுவிய மொத்த வாக்கை அதிகாரபூர்வமாக அறிவிப்பது யார்? அரசியல் சட்டத்தைத் திருத்தாமலே மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு இதை மாற்றப் பார்க்கின்றனவாம், அது நடக்கிற காரியமா?

நம் குடியரசுத் தலைவர் தேர்தலையும் எலக்டோரல் காலேஜ் என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒரே மாதிரியா என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.


கூட்டல்கழித்தல்:

நிலவன், முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சின்ன மாநிலங்களின் எடைதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். 2000க்கு அது சரி, 2016க்குச் சரியில்லை. கூட்டிக் கழித்தே பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை இடங்கள், அவற்றோடு செனட்டுக்கான 2. இவ்வளவுதான் அதன் தேர்வாளர் எண்ணிக்கை. 435 கூட்டல் 100. தலைநகர் வாஷிங்டன் டிசிக்கு 1961இல் வந்த 23ஆவது திருத்தத்தின்படி 3. மொத்தம் 538. அந்த 'செனட் இரண்டு' எல்லாருக்கும் சமம் என்பதால் சின்ன மாநிலத்துக்கு அது பெரிய லாபம். 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கின் மக்கள்தொகை 5,76,851, தேர்வாளர் 3. கலிஃபோர்னியாவில் 3,95,38,223 பேர், தேர்வாளர் 54. வயோமிங்கில் ஒரு தேர்வாளருக்கு ஏறத்தாழ 1.92 லட்சம் பேர், கலிஃபோர்னியாவில் 7.32 லட்சம் பேர். 3.8 மடங்கு வித்தியாசம்.

இப்போது அந்த இரண்டை எல்லாரிடமிருந்தும் கழியுங்கள். 2016இல் டிரம்ப் ஜெயித்தவை 30 மாநிலங்களும் மெய்னின் ஒரு தொகுதியும், 306 தேர்வாளர்கள் (கட்சி மாறி வாக்களித்தவர்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). கிளிண்டனுக்கு 20 மாநிலங்களும் டிசியும், 232. டிரம்பிடம் 60 கழித்தால் 246. கிளிண்டனிடம் 42 கழித்தால் 190. மொத்தம் 436, பெரும்பான்மைக்கு 219. அப்போதும் டிரம்ப்தான் அதிபர்.

2000இலும் புஷ் ஜெயித்தது 30 மாநிலங்கள், கோர் ஜெயித்தது 20 மாநிலங்களும் டிசியும். எண்ணிக்கை 271, 267. இதே கழித்தலைச் செய்தால் புஷ் 211, கோர் 225. கோர் ஜெயித்திருப்பார். இரண்டு தேர்தலிலும் செனட் இரண்டால் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்த லாபம் அதே 18தான். 2000இல் முடிவைத் தீர்மானிக்க அது போதுமானதாக இருந்தது. 2016இல் இடைவெளி 74. அதில் 18 போனால் எதுவும் மாறாது.

அப்படியானால் 2016இல் என்ன நடந்தது? மாநிலத்தில் ஒரு வாக்கு முந்தினாலும் அங்குள்ள தேர்வாளர் அத்தனை பேரும் அவருக்கே என்ற முறைதான் காரணம். மிச்சிகனில் டிரம்ப் முந்தியது 10,704 வாக்கில், விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292, ஃபுளோரிடாவில் 1,12,911. நான்கும் சேர்த்து 1,90,655 வாக்கு முன்னிலை. அதற்குக் கிடைத்தது 75 தேர்வாளர்கள். கலிஃபோர்னியாவில் மட்டும் கிளிண்டனின் முன்னிலை ஏறத்தாழ 42.7 லட்சம். அதற்குக் கிடைத்தது 55. அங்கே ஒரு வாக்கில் ஜெயித்திருந்தாலும் அதே 55தான்.

இதைச் சொன்னதும் "கலிஃபோர்னியாவை எடுத்துவிட்டால் மக்கள் வாக்கிலும் டிரம்ப்தானே" என்று ஒருவர் வருவார். அது வாதமே இல்லை. ஒரு பக்கத்தின் பெரிய மாநிலத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபக்கத்தின் டெக்சாஸையும் டென்னசியையும் வைத்துக்கொண்டால் எந்த விடையையும் வரவழைக்கலாம். கலிஃபோர்னியாக்காரர்களும் அந்த நாட்டு வாக்காளர்கள்தான்.


வடக்குவாசல்:

கூட்டல்கழித்தல் சொன்னதோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்.

சின்ன மாநிலங்கள் எல்லாம் ஒரே கட்சி என்று நினைத்துவிடக் கூடாது. 3 தேர்வாளர் உள்ள இடங்கள் இப்போது ஏழு. அதில் டெலவேர், வெர்மான்ட், டிசி மூன்றும் ஜனநாயகக் கட்சிக்குப் போகிறவை. அலாஸ்கா, வயோமிங், இரண்டு டகோட்டாக்கள் குடியரசுக் கட்சிக்கு. 4 தேர்வாளர் உள்ள மாநிலங்களிலும் ஹவாய், ரோட் ஐலண்ட், நியூ ஹாம்ப்ஷயர் ஒரு பக்கம், ஐடஹோ, மொன்டானா, மேற்கு வர்ஜீனியா மறுபக்கம். லாபம் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது. மிச்சம் நிற்கும் கொஞ்சம்தான் அந்த 18.

இரண்டாவது, அதிகம் பேசப்படாத விஷயம். தேர்வாளர் எண்ணிக்கை வாக்குப்பதிவைப் பொறுத்ததல்ல, மக்கள்தொகையைப் பொறுத்தது. அந்தத் தொகையில் குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள் எல்லாரும் அடக்கம். ஒரு மாநிலத்தில் வாக்குப்பதிவு 75 சதவீதமானாலும் 50 சதவீதமானாலும் அதன் தேர்வாளர் எண்ணிக்கை அசையாது. மக்கள் வாக்கில் அந்த வித்தியாசம் அப்படியே தெரியும். இரண்டு கணக்கும் பொருந்தாமல் போக இதுவும் ஒரு வழி.

அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு. 2024இலும் வரப்போகும் 2028இலும் பயன்படுவது 2020 கணக்கெடுப்பு. அதன்படி டெக்சாஸ் 38இலிருந்து 40 ஆனது, கலிஃபோர்னியா 55இலிருந்து 54க்கு இறங்கியது. நியூயார்க் ஓர் இடத்தை இழந்து 28 ஆனது. வெறும் 89 பேர் கூடுதலாகக் கணக்கில் வந்திருந்தால் அந்த இடம் தங்கியிருக்கும். கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லி மாநில அரசுகள் ஏன் இத்தனை பாடுபடுகின்றன என்பது இந்த எண்ணைப் பார்த்தால் விளங்கும்.

இன்னொன்று: மொத்தமும் ஒருவருக்கே என்பது அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. தேர்வாளரை எப்படி நியமிப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் கையில் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1796இல் வர்ஜீனியா தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுத்ததால் ஜெஃபர்சன் தம் சொந்த மாநிலத்திலேயே ஒரு தேர்வாளரைப் போட்டியாளர் ஜான் ஆடம்ஸிடம் இழந்தார். 1800க்குள் வர்ஜீனியா மொத்தமும் ஒருவருக்கே என்று மாற்றிக்கொண்டது. பதிலுக்கு மாசச்சூசெட்ஸ் சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்து ஆடம்ஸைக் காத்தது. தன் மாநிலத்தைப் பிரித்துக் கொடுக்கிற கட்சிக்கு நட்டம் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 1836 வந்தபோது தென் கரோலினாவைத் தவிர எல்லா மாநிலமும் இதே வழிக்கு வந்திருந்தன. தென் கரோலினாவில் 1860 வரை சட்டமன்றம்தான் நியமித்தது. இன்று விலகி நின்று தொகுதிவாரியாகவும் தேர்வாளரைப் பிரித்துத் தருபவை மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டுமே.


நூல்பிடி:

எத்தனை சதவீதம் முந்தினால் உறுதி என்ற கேள்விக்கு நிலையான எண் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த இடைவெளியை அளக்க முடியும், வீட்டிலேயே ஒரு விரிதாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஜெயித்தவர் கைப்பற்றிய மாநிலங்களை அவருடைய முன்னிலைச் சதவீதப்படி வரிசைப்படுத்துங்கள். மிகக் குறைந்த முன்னிலை உள்ள மாநிலத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அவர் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். எந்த மாநிலத்தைக் கழிக்கும்போது அவர் 270க்குக் கீழே போகிறாரோ அதுதான் முடிவைத் தீர்மானித்த மாநிலம். அந்த மாநிலத்தின் முன்னிலைக்கும் நாடு தழுவிய முன்னிலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தத் தேர்தலில் எலக்டோரல் காலேஜின் சாய்வு.

2016: டிரம்ப் 306. மிச்சிகன் (0.23 சதவீதம்) போனால் 290. பென்சில்வேனியா (0.72) போனால் 270, இன்னும் வெற்றிதான். விஸ்கான்சின் (0.77) போனால் 260. ஆக, விஸ்கான்சின். நாடு முழுவதும் கிளிண்டன் 2.1 முந்தினார், விஸ்கான்சினில் டிரம்ப் 0.77. சாய்வு 2.9 புள்ளி, குடியரசுக் கட்சிப் பக்கம்.

2020: பைடன் 306. ஜார்ஜியா (0.24) போனால் 290, அரிசோனா (0.31) போனால் 279, விஸ்கான்சின் (0.63) போனால் 269. மூன்று மாநிலங்களின் முன்னிலையையும் கூட்டினால் 42,918 வாக்குகள். நாடு முழுவதும் அவர் முந்தியது ஏறத்தாழ 4.5 சதவீதம். சாய்வு 3.8 புள்ளி. மயிரிழை என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். மக்கள் வாக்கில் 3.5 சதவீதம் முந்தி, எல்லா மாநிலங்களிலும் அதே அளவு குறைந்திருந்தால் பைடனுக்கு 269தான்.

2024: டிரம்ப் 312. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா என்று கழித்தால் பென்சில்வேனியாவில் (1.7) 268க்கு இறங்குகிறது. நாடு தழுவிய முன்னிலை 1.5. சாய்வு ஏறக்குறைய இல்லை. நியூயார்க், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் ஜனநாயகக் கட்சியின் முன்னிலை சுருங்கியதுதான் காரணம். அங்கே டிரம்புக்குக் கூடிய வாக்குகள் ஒரு தேர்வாளரைக்கூடத் தரவில்லை, மக்கள் வாக்கை மட்டும் உயர்த்தின.

சாய்வு நிரந்தரமாக ஒரு கட்சிக்குச் சொந்தமில்லை. 2012இல் ஒபாமா நாடு தழுவி 3.9 முந்தினார், முடிவைத் தீர்மானித்த கொலராடோவில் 5.4. சாய்வு அவர் பக்கம். 2004இல் புஷ் 30 லட்சம் வாக்கு முந்தினார். ஓஹியோவில் அவருடைய முன்னிலை சுமார் 1.19 லட்சம்தான், அது மறுபக்கம் போயிருந்தால் மக்கள் வாக்கில் தோற்ற ஜான் கெர்ரி அதிபர். நாலே வருடத்துக்கு முன் கோர் இழந்ததை அவர் கட்சி அப்படித் திரும்பப் பெற்றிருக்கும்.

கழிக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். வாக்கு எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், சதவீதத்தை வைத்துச் செய்யுங்கள். நெவாடா போன்ற சின்ன மாநிலத்தில் சில ஆயிரம் வாக்கு என்பதும் பென்சில்வேனியாவில் அதே ஆயிரம் என்பதும் ஒன்றல்ல. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டிலும் தொகுதி தேர்வாளரைத் தனி வரியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் கூட்டல் 538 வராது.


பழையஏடு:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நாடு தழுவிய மக்கள் வாக்கை அறிவிக்கும் அதிகாரம் பெற்ற அமைப்பு அங்கே கிடையாது. நம் தேர்தல் ஆணையம் போல ஒன்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ஒவ்வொரு மாநிலமும் தன் எண்ணிக்கையைத் தானே சான்றளித்து, தேர்வாளர் நியமனச் சான்றிதழில் எழுதி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பும். கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் பல மாதம் கழித்து அவற்றைத் தொகுத்து வெளியிடும். அந்தத் தொகைக்குச் சட்டத்தில் எந்த விளைவும் இல்லை. வாக்குச்சீட்டு வடிவம், யார் வேட்பாளர், அஞ்சல் வாக்கு எந்த நாள் வரை வரலாம், மறு எண்ணிக்கை எப்போது என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இதனால் ஒரு தேர்தலில் மக்கள் வாக்கில் ஜெயித்தவர் யார் என்பதே இன்றுவரை தீராமல் கிடக்கிறது. 1960. கென்னடி நிக்சனைவிடச் சுமார் 1.13 லட்சம் வாக்கு கூடுதல் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். சிக்கல் அலபாமாவில். அங்கே வாக்காளர் கட்சிக்கு வாக்களிக்கவில்லை, 11 தேர்வாளர்களுக்குத் தனித்தனியாக வாக்களித்தார். ஜனநாயகக் கட்சியின் 11 பேரில் 5 பேர் கென்னடிக்கு உறுதி தந்தவர்கள், 6 பேர் யாருக்கும் கட்டுப்படாதவர்கள். அந்த 6 பேரும் கடைசியில் செனட்டர் ஹாரி பைர்டுக்கு வாக்களித்தார்கள். ஒரே ஆள் இரண்டு வகைத் தேர்வாளருக்கும் முத்திரை குத்தியிருக்கிறார், அந்த ஒரு வாக்கை யார் கணக்கில் வைப்பது? வழக்கமான பட்டியல்கள் கென்னடி தரப்புத் தேர்வாளர் பெற்ற ஏறத்தாழ 3.18 லட்சத்தை முழுவதுமாகக் கென்னடிக்கே தருகின்றன. 5க்கு 6 என்று பிரித்தால் நாடு தழுவி நிக்சன் சுமார் 58,000 வாக்கு முந்துகிறார். கென்னடிக்குத் தேர்வாளர் 303, நிக்சனுக்கு 219 என்பதால் யார் அதிபர் என்பதில் சந்தேகம் எழவில்லை.

பழைய தேர்தல்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. 1824இல் ஆண்ட்ரூ ஜாக்சன் மக்கள் வாக்கில் முந்தினார் என்கிறோம். அப்போது 24 மாநிலங்களில் 6இல் மக்கள் வாக்கே கிடையாது, சட்டமன்றம்தான் தேர்வாளரை நியமித்தது. நியூயார்க்கும் அதில் ஒன்று. தேர்வாளர் எண்ணிக்கை ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபர்டு 41, கிளே 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் பிரதிநிதிகள் சபைக்குப் போய், 13 மாநிலங்களின் ஆதரவில் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதிபரானார். 1876, 1888, 2000, 2016 நான்கும் எலக்டோரல் காலேஜிலேயே முடிவு மாறியவை. 1824 அப்படி அல்ல. ஐந்தையும் ஒரே பட்டியலில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.


நிலவன்_கே:

மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது, எல்லாருக்கும் நன்றி. நூல்பிடி சொன்ன 269 வந்தால் அடுத்து என்ன? மெய்ன், நெப்ராஸ்கா மாதிரி எல்லா மாநிலமும் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் மக்கள் வாக்கோடு நெருங்கி வராதா?


சட்டச்சுவடி:

269 வந்தாலும், மூன்றாவது ஆள் சில தேர்வாளரைப் பிடித்து யாருக்கும் 270 வராமல் போனாலும், 12ஆவது திருத்தம் வேலைக்கு வரும். புதிதாகத் தேர்வான பிரதிநிதிகள் சபை, அதிகம் பெற்ற மூவருக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். உறுப்பினருக்கு ஒரு வாக்கு அல்ல, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 26 வேண்டும். கலிஃபோர்னியாவின் 52 உறுப்பினருக்கும் சேர்த்து ஒன்று, வயோமிங்கின் ஒரே உறுப்பினருக்கு ஒன்று. ஒரு மாநிலத்து உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தால் அந்த வாக்கு வீண். டிசிக்கு வாக்கே இல்லை. துணை அதிபரை செனட் தனியாகத் தேர்ந்தெடுக்கும், அதற்கு 51. மக்கள் வாக்கிலிருந்து மிகத் தொலைவில் போய் நிற்கும் இடம் இதுதான். எலக்டோரல் காலேஜைக் குறை சொல்பவர்கள் இந்தப் பகுதியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பேன்.

நாள் வரிசை 2024ஐ வைத்து: நவம்பர் 5 வாக்குப்பதிவு. டிசம்பர் 11க்குள் ஆளுநரின் சான்றிதழ். டிசம்பர் 17 தேர்வாளர்கள் அவரவர் மாநிலத்தில் கூடி, அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனிச் சீட்டில் வாக்களிப்பு. ஐம்பது மாநிலத்தாரும் ஓரிடத்தில் கூடுவதே இல்லை. ஜனவரி 6 நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் எண்ணிக்கை. 2022இன் இறுதியில் வந்த சீர்திருத்தச் சட்டம் இரண்டு ஓட்டைகளை அடைத்தது. துணை அதிபருக்கு எண்ணிக்கையில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்று தெளிவாக எழுதியது. ஆட்சேபம் எழுப்ப முன்பு ஒவ்வோர் அவையிலும் ஓர் உறுப்பினர் போதும், இப்போது ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும்.

கட்சி மாறி வாக்களிக்கும் தேர்வாளர்கள்: 2016இல் 7 பேர். அதனால்தான் 306-232 என்பது ஏட்டில் 304-227 ஆனது. வாஷிங்டன் மாநிலத்தில் நால்வருக்குத் தலா 1,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, அவர்களில் மூவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூலையில் வந்த தீர்ப்பு, தேர்வாளரைக் கட்டுப்படுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. கட்டுப்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படிச் சட்டமே போடாத மாநிலங்களும் இருக்கின்றன.


கூட்டல்கழித்தல்:

தொகுதிவாரி முறை நியாயமாகத் தோன்றும். எண்களைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. 2012இல் ஒபாமா ராம்னியைவிட ஏறத்தாழ 50 லட்சம் வாக்கு முந்தினார். ஆனால் 435 தொகுதிகளில் ராம்னி முந்தியது 226இல், ஒபாமா 209இல். அதோடு மாநிலத்துக்கு இரண்டு வீதம் சேர்த்தால் ராம்னி 226 கூட்டல் 48, மொத்தம் 274. ஒபாமா 209 கூட்டல் 52 கூட்டல் டிசியின் 3, மொத்தம் 264. அதிபர் ராம்னி.

தொகுதி எல்லையை வரைவது பெரும்பாலான மாநிலங்களில் ஆளும் கட்சி. மாநில எல்லையை யாரும் மாற்ற முடியாது, தொகுதி எல்லையை மாற்றலாம். அதிபர் தேர்தலையும் அந்த எல்லைக்கோட்டோடு கட்டினால் கோடு போடுகிறவர் கையில் இன்னும் ஓர் ஆயுதம். இந்த யோசனையை யார் முன்வைத்தாலும் நான் எதிர்ப்பேன்.


சட்டச்சுவடி:

ஒப்பந்தம் பற்றி. சேர்ந்த மாநிலங்கள் தங்கள் தேர்வாளர் அனைவரையும், தம் மாநிலத்தில் யார் ஜெயித்தாலும், நாடு தழுவி அதிக வாக்கு பெற்றவருக்கே நியமிக்கும். சேர்ந்தவர்களின் கூட்டுத்தொகை 270ஐ எட்டும்வரை அது உறங்கும். 2007இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024இல் மெய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் டிசியும், தொகை 209. அத்தனையும் ஜனநாயகக் கட்சிக்குச் சாய்ந்தவை.

அரசியல் சட்டத்தைத் திருத்தும் வழி ஒருமுறை நெருங்கி வந்தது. 1969இல் பிரதிநிதிகள் சபை 338-70 என்று நேரடித் தேர்தலுக்கு ஒப்புதல் தந்தது. 1970இல் செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே முடியவில்லை. தாண்டியிருந்தாலும் 38 மாநிலங்கள் ஏற்றாக வேண்டும். ஒப்பந்த யோசனை பிறந்ததே இந்தச் சுவரைச் சுற்றிப் போகத்தான்.

நடைமுறையில் எங்கெல்லாம் இடறும்? மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்ற பிரிவு அரசியல் சட்டத்தில் இருக்கிறது. இதற்கும் அது தேவையா என்று 270ஐ எட்டிய மறுநாளே வழக்கு வரும். தேர்தல் ஆண்டு ஜூலை 20க்குப் பின் விலகினால் அந்தத் தேர்தலுக்குச் செல்லாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. நவம்பரில் தன் மக்கள் தோற்கடித்தவருக்குத் தேர்வாளரைத் தர வேண்டிய நிலை வந்தால் ஒரு மாநிலச் சட்டமன்றம் அதை மதிக்குமா என்பதற்கு முன்னுதாரணம் இல்லை. பெரும்பான்மை வேண்டியதில்லை, அதிக வாக்கு போதும் என்பதும் கவனிக்க வேண்டியது. மறுசுற்று கிடையாது. 1992இல் கிளிண்டன் வாங்கியது 43 சதவீதம்தான், ராஸ் பெரோ 18.9 சதவீதம் வாங்கியும் தேர்வாளர் பூஜ்யம். அது போன்ற மும்முனைப் போட்டியில் இந்த ஒப்பந்தமும் 43 சதவீதக்காரரைத்தான் தேர்ந்தெடுக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் பழையஏடு சொன்ன விஷயம்: நாடு தழுவிய எண்ணிக்கையே இல்லை. ஒப்பந்தத்தில் சேராத மாநிலம் தன் எண்ணிக்கையைத் தாமதமாகவோ வேறு வடிவிலோ அனுப்பினால் கட்டாயப்படுத்த வழியில்லை. நாடு தழுவிய மறு எண்ணிக்கைக்கும் ஏற்பாடு இல்லை. மெய்னும் அலாஸ்காவும் விருப்ப வரிசைப்படி (கடைசியில் நிற்பவரை நீக்கி, அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, பல சுற்றாக) வாக்கு எண்ணுகின்றன. முதல் சுற்று எண்ணைக் கூட்டுவதா, கடைசிச் சுற்று எண்ணையா? மாநிலம் தரும் அதிகாரபூர்வ எண்ணே இறுதி என்கிறது ஒப்பந்தம், மாநிலம் இரண்டையும் வெளியிட்டால் எது என்று சொல்லவில்லை. நேரடித் தேர்தலை நான் ஆதரிக்கிறேன். இந்த எண்ணிக்கைப் பகுதியைச் சரிசெய்யாமல் ஒப்பந்தம் உயிர் பெறக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.


வடக்குவாசல்:

இந்தியக் கேள்வி விடுபட்டுவிட்டது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்கள் வாக்கே இல்லை, ஆகவே இந்த இடைவெளி எழுவதற்கு இடமில்லை. தேர்வாளர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி., எம்.எல்.ஏ.க்கள். எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு 1971 மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது: தமிழ்நாட்டில் 176, உத்தரப்பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. சின்ன மாநிலத்துக்கு அமெரிக்கா போலக் கூடுதல் எடை தருவதில்லை. மாநிலம் மொத்தமாக ஒருவருக்குப் போவதும் இல்லை, ஒவ்வொருவரும் ரகசியமாகத் தன் விருப்ப வரிசையை எழுதுகிறார்.

அமெரிக்க இடைவெளிக்கு நம் ஊரில் ஒப்பு வேண்டுமானால் மக்களவைத் தேர்தலைப் பாருங்கள். 2014இல் தமிழ்நாட்டில் அதிமுக ஏறத்தாழ 44 சதவீத வாக்கில் 39இல் 37 இடங்கள். திமுக கிட்டத்தட்ட 24 சதவீதம் வாங்கி ஓர் இடம்கூட இல்லை. தொகுதியில் முந்தியவருக்கே முழுப் பலன் என்ற விதி அங்கே மாநில அளவில் நடக்கிறது.


நூல்பிடி:

நிலவன், விரிதாள் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 2000இலிருந்து தொடங்குங்கள். ஃபுளோரிடா முன்னிலை 537 வாக்கு, தேர்வாளர் 25. டிசியின் ஒரு தேர்வாளர் வாக்களிக்காமல் விட்டதால் ஏட்டில் கோருக்கு 266 என்றிருக்கும், உங்கள் கூட்டலுக்கு 267ஐ வைத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷின் கணக்கில் முதலில் கழிக்கும் மாநிலமே அவரை 246க்கு இறக்கிவிடும், எனவே அந்த ஆண்டு வரிசையில் இரண்டாவது வரி தேவைப்படாது.